கெட்டி ஆயில்

எங்கள் சந்தில் யாரும் அலாரம் வைப்பதில்லை. எதிர்வீட்டு டிரைவரம்மா வேனை ஸ்டார்ட் செய்தால் எழுந்துகொள்வோம். முதலில் இரண்டு இருமல், பிறகு ஒரு நீளச் செருமல், அப்புறம் சந்து முழுக்க நீலப் புகை. மாடியில் துணி காயப்போட்டவர்கள் ஓடிப்போய் எடுத்துக்கொண்டே திட்டுவார்கள். திட்டில் காரம் இருக்காது. சந்தில் பாதிப் பேர் அந்த வேனில்தான் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தோம்.

நான் அட்டைப்பெட்டி கம்பெனியில் ஸ்டோர் பார்க்கிறேன். அதனால் 'ஸ்டோர் சார்' என்று பெயர். சார் என்பதைக் கேட்டு ஏமாற வேண்டாம், பசை டப்பாவும் ஒட்டு நாடாவும் எடுத்துக் கொடுக்கிற வேலைதான். எஞ்சினைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அதைத் தொட்டால் கை கறுப்பாகும் என்பது.

அந்த வேனை முன்பு ஓட்டியவர் டிரைவரம்மாவின் வீட்டுக்காரர். அவரை எல்லோரும் 'காது' என்பார்கள். வண்டி சந்து முனையில் திரும்பும்போதே எந்த டயரில் காற்று குறைவு, எந்த பெல்ட் தளர்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். பாதி சரியாக இருக்கும், மீதியை நாங்கள் மறந்துவிடுவோம். முதுகில் வட்டு நழுவி, உட்கார்ந்தால் கால் மரத்துப்போகும் நிலைமை வந்த பிறகு ஸ்டியரிங் அம்மா கைக்குப் போனது. அன்றிலிருந்து காது நின்றுகொண்டே சாப்பிட்டார், நின்றுகொண்டே டீ குடித்தார், நின்றுகொண்டே மனைவியோடு சண்டை போட்டார். முடியாதபோது நீட்டிப் படுத்துவிடுவார். உட்காருவது என்ற ஒன்று மட்டும் அவர் வாழ்க்கையிலிருந்து போய்விட்டது.

அவர் எழுந்திருக்கவே முடியாமல் கிடந்த காலத்தில் இருவரும் டிரைவரம்மாவின் அண்ணன் வீட்டில் போய் இருந்தார்கள். அண்ணன் மோசமானவர் இல்லை. அதுதான் கஷ்டமே. மோசமானவராக இருந்தால் நன்றாகத் திட்டிவிட்டுக் கிளம்பி வந்திருக்கலாம். சாக்கு, சணல் வியாபாரம், பெரிய குடோன், குடோனுக்குப் பின்னால் ஓர் அறை. கூடப்பிறந்தவளுக்கு இல்லாத இடமா என்று கொடுத்தார். கொடுத்ததை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் வாய் நிறையச் சொல்லவும் செய்தார். காது சுவரைப் பிடித்து எழுந்து நின்றால் போதும், "படுங்க மாப்பிள்ளை, படுங்க, யாரு என்ன சொல்லப் போறா" என்பார். நாலு பேர் நடுவில். டிரைவரம்மா அந்த வீட்டு அடுப்படிக்குள் காலையில் நுழைந்தால் இருட்டின பிறகுதான் வெளியே வருவார். வேலை செய் என்று யாரும் சொன்னதில்லை. போதும், போய் உட்கார் என்றும் யாரும் சொன்னதில்லை.

அந்த அறையிலிருந்துதான் அவர் ஓட்டக் கற்றுக்கொண்டார், லைசென்ஸ் எடுத்தார், சும்மா கிடந்த வேனைத் துடைத்து எடுத்தார், வீட்டுக்காரரைப் பின்சீட்டில் படுக்கவைத்து எங்கள் சந்துக்குத் திரும்ப ஓட்டிவந்தார். வேன் ஓடுகிறவரைக்கும் இந்த வீடு. வேன் நின்றால் அந்த அறை. இது சந்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

அப்படிப்பட்ட வேன் ஒரு மழைக்காலத்தில் தட்ட ஆரம்பித்தது. மூடிய கதவை யாரோ உள்ளேயிருந்து தட்டுவது போல ஒரு சத்தம், மேட்டில் ஏறும்போது மட்டும் கேட்கும். சிக்னலில் நின்றால் டேஷ்போர்டில் ஆயில் விளக்கு சிவப்பாகக் கண்ணடிக்கும். நாலைந்து நாளைக்கு ஒருமுறை ஆயில் ஊற்ற வேண்டியிருந்தது. டீசலைவிட ஆயிலை அதிகம் குடிக்கிறது என்று வேனில் கேலி செய்தோம். கிலோமீட்டர் மீட்டர் ஒரு முழுச் சுற்று முடித்து, மறுபடி பூஜ்யத்திலிருந்து ஆரம்பித்து, அதிலும் பாதிவழியில் அலுத்துப்போய் நின்றுவிட்ட வண்டி அது.

மெக்கானிக்குக் காட்டினார்கள். அவர் பெயர் 'பொறுமை'. பொறுமையாப் பார்ப்போம் என்று சொல்லாமல் எந்த வண்டியிலும் கைவைக்கமாட்டார். அன்று ஞாயிற்றுக்கிழமை, எனக்கும் பொழுது போகவில்லை, கூடப் போயிருந்தேன். பொறுமை ஆயில் அளவு பார்க்கிற கம்பியை உருவி, நுனியில் ஒட்டியதை விரல்களுக்கு நடுவே தேய்த்தார், மோந்து பார்த்தார், பிறகு காதிடம் சொன்னார்:

"இவ்வளவு ஓடின எஞ்சினு. உள்ள எல்லாம் தேஞ்சு இடைவெளி விழுந்துருச்சு. ஆயில் தண்ணியா இருந்தா அந்த இடைவெளியில நழுவிப் போயி எரிஞ்சு புகையா வருது. பிரஷர் நிக்க மாட்டேங்குது. கொஞ்சம் கெட்டி ஆயிலாப் போட்டா நின்னு பிடிக்கும்."

"அப்ப நல்லா கெட்டியாவே போட்டுருங்க" என்றார் காது.

"ஒரு கிரேடு கெட்டி. அதுக்கு மேல கேக்காதீங்க. நம்ம ஊரு குளிருக்கு, ரொம்ப கெட்டியாப் போட்டா காலையில அடியிலயே ஒட்டிக்கிட்டுக் கிடக்கும், மேல ஏறாது. அது ஏறுற வரைக்கும் எஞ்சின் காஞ்ச தொண்டையோட ஓடணும். ஒரு கிரேடே போட்டாலும், காலையில விளக்கு அணையுற வரைக்கும் பொறுமையா நின்னு எடுக்கணும். இன்னொண்ணு. இது வைத்தியம் இல்ல. வலி தெரியாம இருக்கும், அவ்வளவுதான்."

வலி தெரியாமல் இருப்பது லேசான விஷயமா? புது ஆயில் ஊற்றின மறுநாள் வேன் சத்தமில்லாமல் மேடேறியது. புகை பாதியாகக் குறைந்தது. மாடியில் துணிகள் நிம்மதியாகக் காய்ந்தன.

அந்தச் சமயத்தில்தான் அண்ணன் வந்தார். வேன் கதை எப்படியோ அவருக்கு எட்டியிருந்தது. வாசலிலேயே நின்று, அறையை வெள்ளையடித்து வைத்திருப்பதாகவும், குடோனில் சரக்கு இறக்குவதை மேற்பார்க்க நம்பிக்கையான ஆள் வேண்டும் என்றும், அதை மாப்பிள்ளை படுத்துக்கொண்டே செய்யலாம் என்றும் சொன்னார். சந்தே கேட்டது. காது சுவரில் சாய்ந்து நின்று தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

டிரைவரம்மாதான் பதில் சொன்னார். "இப்ப நல்லா ஓடுதுண்ணா. மறுபடி தட்ட ஆரம்பிச்சா வந்துடறோம். இத்தனை பேரை ஏத்திக்கிட்டு நடுவழியில நிறுத்த நான் தயாரா இல்ல."

"இது வார்த்தை" என்றார் அண்ணன்.

"வார்த்தைதான்" என்றார் காது. அன்று அவர் வாயைத் திறந்தது அதற்கு மட்டும்தான்.

குளிர்காலம் வந்தது. ஒரு நாள் மாலை கம்பெனியிலிருந்து திரும்பும்போது, மேட்டில் பாதியில், டிரைவரம்மா தலையைச் சாய்த்து எதையோ கேட்டார். பிறகு கண்ணாடியில் எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பின்னால் இருந்த பெண்கள் யாருடைய மருமகளைப் பற்றியோ மும்முரமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்கும் ஒன்றும் கேட்கவில்லை. அவர் ரேடியோவைக் கொஞ்சம் சத்தமாக வைத்தார்.

மறுநாள் பெட்ரோல் பங்கில் வண்டியை ஓரமாக நிறுத்தி, கடையிலிருந்து ஒரு சிறிய தகரக் குப்பி வாங்கி வந்தார். பானெட்டைத் திறந்து குப்பியைக் கவிழ்த்தபோது அதிலிருந்து எதுவும் வருவதாகத் தெரியவில்லை. வெகுநேரம் கழித்து ஒரு பழுப்புக் கயிறு போல ஏதோ மெதுவாக இறங்கியது. கடைசிச் சொட்டு விழும்வரை குப்பியைப் பிடித்துக்கொண்டே நின்றார். ஆயிலோடு கலந்தால் கெட்டியாகி எஞ்சினைப் புதுசு மாதிரி ஆக்கும் என்று கடைக்காரர் சொன்னாராம்.

"வீட்டுல சொல்லாதீங்க சார்" என்றார். "தெரிஞ்சா அவரு தூங்கமாட்டாரு."

நான் ஏன் சொல்லப் போகிறேன்? வேன் அன்று சாயங்காலமே வாயை மூடிக்கொண்டது. பிறகு வாரத்துக்கு ஒரு குப்பி என்று வழக்கமாகிப்போனது.

உண்மையைச் சொன்னால், அந்தக் குடும்பம் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்தது அந்த நாட்களில்தான். டிரைவரம்மா வரும்போது சந்து முனைக் கடையில் சூடாக வேகவைத்த முட்டை வாங்கி வருவார். காது அதை நின்றபடி உரித்து, ஒன்றைத் தான் தின்று ஒன்றை அவருக்குக் கொடுப்பார். சனிக்கிழமை சாயங்காலம் காது பானெட்டைத் திறந்து, அளவுக் கம்பியை உருவிச் சந்துக்கே காட்டுவார். "குடிக்கறதையே நிறுத்திருச்சு பாருங்க. சொட்டு இறங்கல." எங்கள் சந்தில் குடிப்பதை நிறுத்த வேண்டியவர்கள் வேறு சிலரும் இருந்தார்கள், அவர்கள் பெயரெல்லாம் அப்போது ஏலம் போகும். டிரைவரம்மா படியில் உட்கார்ந்து சிரிப்பார். எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது.

காலையில் மட்டும் ஒன்று மாறியிருந்தது. வேன் ஸ்டார்ட் ஆன பிறகு அந்தச் சிவப்பு விளக்கு சட்டென்று அணைவதில்லை. கைகளை முழங்கால்களுக்கு நடுவே செருகிக்கொண்டு, வாயிலிருந்து ஆவி பறக்க, டிரைவரம்மா அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். காது வாசலில் கம்பளி போர்த்தி நிற்பார். விளக்கு அணைந்ததும் அவர் தலையை ஆட்டுவார், இவர் கியர் போடுவார். நாள் ஆக ஆக அந்தக் காத்திருப்பு நீண்டுகொண்டே போனது. குளிர் அதிகம் என்று நாங்கள் எல்லோரும் குளிரைத்தான் குறை சொன்னோம்.

அந்தக் காலையில் பனி மூடி எதிர்வீடே தெரியவில்லை. ஆற்றுப்பாலத்தில் வேலை நடப்பதால் நீளமான இன்னொரு மேட்டுப் பாதையைச் சுற்றித்தான் போக வேண்டும் என்று செய்தி வந்திருந்தது. அதற்கு முந்தின நாள்தான் தாமதமாக வந்தவர்களை எங்கள் கம்பெனி கேட்டில் நிறுத்தித் திருப்பி அனுப்பியிருந்தார்கள். வேனுக்குள் எல்லோரும் அவசரப்பட்டார்கள். ஒட்டுப் பிரிவுப் பெண்ணொருத்தி, இன்றைக்கும் திரும்பினால் என் மாமியார் என்னை வீட்டுக்குள்ளேயே சேர்க்கமாட்டாள் என்றாள். விளக்கு எரிந்துகொண்டே இருந்தது.

"இன்னும் கொஞ்சம் நில்லு" என்றார் காது வாசலிலிருந்து.

"நேரமாச்சுங்க. போகப் போக அணைஞ்சுடும்" என்றார் டிரைவரம்மா. கியர் போட்டார்.

மேட்டில் முதல் வளைவு தாண்டியதும் வேன் அலறியது. எனக்கு எஞ்சின் தெரியாது, ஆனால் அந்தச் சத்தம் தெரிந்தது. இரும்பு இரும்பைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிற சத்தம். அப்புறம் ஒரு குலுக்கல், அப்புறம் ஒன்றுமே இல்லை. பனியில் எங்கேயோ ஒரு நாய் குரைப்பது கேட்டது. டிரைவரம்மா பிரேக்கை அழுத்தியபடி சாவியைத் திருப்பினார். டக் என்று ஒரு சத்தம் வந்தது. மறுபடி திருப்பினார். மூன்றாவது தடவை திருப்பவில்லை.

மற்றவர்கள் இறங்கி நடந்தார்கள். ஒருத்தரும் அவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு அவரோடு இருந்தேன். அவர் ஸ்டியரிங்கை விடவே இல்லை.

ஒரு லாரியில் கட்டி இழுத்துப் பொறுமையின் கொட்டகைக்குக் கொண்டுபோனோம். காது எங்களுக்கு முன்னால் அங்கே இருந்தார். அந்த முதுகை வைத்துக்கொண்டு எப்படி நடந்து வந்தார் என்று தெரியவில்லை. பொறுமை வண்டிக்கு அடியில் தட்டை வைத்து ஆயில் வடிக்கிற திருகாணியைக் கழற்றினார். ஆயில் விழவில்லை. ஓட்டை வாயில் தடித்துத் தொங்கி, கிளம்பலாமா வேண்டாமா என்று யோசிப்பது போல நின்றது. பொறுமை அதை விரலில் எடுத்து நீட்டிப் பார்த்தார்.

"இது நான் ஊத்தின ஆயில் இல்ல. என்ன ஊத்துனீங்க?"

டிரைவரம்மா வீட்டுக்காரரைப் பார்க்காமல், பங்க் கடைக் குப்பியைப் பற்றிச் சொன்னார். மேட்டில் தட்டுச் சத்தம் திரும்பக் கேட்ட நாளிலிருந்து ஊற்றுவதாகச் சொன்னார்.

"வாரத்துக்கு ஒரு குப்பி ஊத்தினா இப்படி ஆகாதே" என்றார் பொறுமை. "இது அதுக்கும் மேல இருக்கு."

"நானும் ஊத்தினேன்" என்றார் காது.

அவர் சுவரைப் பிடித்தபடி நின்றிருந்தார். பழைய டிராக்டருக்கும் தண்ணீர் பம்புக்கும் ஊற்றுகிற, இருப்பதிலேயே கெட்டியான ஆயிலை ஒரு கேனில் வாங்கிக் குளியலறையில் துணிக்கூடைக்குப் பின்னால் வைத்திருந்தாராம். அம்மா சமைக்கிற நேரம் பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றியிருக்கிறார். சனிக்கிழமை அவர் சந்துக்குக் காட்டிய அளவு இறங்காததற்கு அவர் கேன் ஒரு காரணம், அவர் அறியாத அந்தக் குப்பி இன்னொரு காரணம். வேன் குடித்துக்கொண்டேதான் இருந்திருக்கிறது. மெல்லியது எரிந்துபோக, கெட்டி மட்டும் உள்ளே சேர்ந்திருக்கிறது.

"எதுக்குங்க?" என்றார் டிரைவரம்மா.

"சந்து முனையில திரும்பும்போது எனக்குக் கேட்டுச்சு. உனக்கு இன்னும் கேக்கலைன்னு நெனச்சேன். கேட்டா அண்ணன்கிட்ட போயிடலாம்னு சொல்லிடுவ. உன் அண்ணன், உன் பிறந்த வீடு. நான் என்னன்னு சொல்லி வேணாம்கறது?"

"எனக்கு மட்டும் அங்க என்ன வெச்சிருக்கு? உங்க காதுல விழக் கூடாதுன்னுதான் நான் ரேடியோ போட்டு ஓட்டினேன். நீங்க கேட்டா வார்த்தை குடுத்துட்டோம், கிளம்புன்னு சொல்லிடுவீங்க. வார்த்தைன்னா நீங்க அப்படித்தான்."

பொறுமை விரலைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தார். எத்தனையோ வருஷப் பழக்கத்தில் அன்றுதான் அவர் குரல் உயர்ந்து கேட்டேன். "ரெண்டு பேர்ல ஒருத்தராவது என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல? ஒரு கிரேடுன்னு எத்தனை தடவை சொன்னேன்?" பிறகு அவரே வெளியே போய் நின்றுகொண்டார். எஞ்சினை எடுத்து வேறு போடுகிற பேச்சே எழவில்லை. எழுந்தாலும் அது அவர்கள் சக்திக்கு மேற்பட்டது என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும்.

அண்ணன் அடுத்த நாளே லாரியோடு வந்தார். கோபப்படவில்லை. தங்கையின் தலையைத் தடவி, "போனது போகட்டும் விடு, நான் இருக்கேன்ல" என்றார். பாத்திரங்களை அவரே ஏற்றினார். மாப்பிள்ளைக்காக லாரியில் ஒரு மெத்தை போட்டுக்கொண்டு வந்திருந்தார். "படுங்க மாப்பிள்ளை" என்றார். சந்து முழுக்க வாசலில் நின்றது. காது மெத்தையில் ஏறிப் படுத்து, முழங்கையால் கண்ணை மறைத்துக்கொண்டார். வேனை லாரியின் பின்னால் கட்டி இழுத்துப் போனார்கள். பழைய இரும்புக்குப் போடுவதைவிட குடோன் பக்கம் நிறுத்தினால் சாக்கு அடுக்கவாவது ஆகும் என்றார் அண்ணன். அந்த மனிதரைக் குறை சொல்ல ஒன்றும் அகப்படவில்லை.

சில மாதம் கழித்துக் கம்பெனிக்குச் சணல் கயிறு வாங்க என்னை அந்தக் குடோனுக்கு அனுப்பினார்கள். அண்ணன் நாற்காலி போட்டு, டீ வரவழைத்து, தங்கைக்கும் மாப்பிள்ளைக்கும் தான் ஒரு குறையும் வைக்கவில்லை என்பதை விளக்கமாகச் சொன்னார். அறைக்குப் புது மின்விசிறி போட்டிருக்கிறாராம். "பின்னாடிதான் இருப்பாங்க, போய்ப் பாருங்க" என்றார்.

அறை திறந்து கிடந்தது, ஆள் இல்லை. அதற்கும் பின்னால், மதிலோரம், வேன் நின்றது. சக்கரங்களைக் கழற்றிச் செங்கல் அடுக்கி உட்கார வைத்திருந்தார்கள். பின்பாதி முழுக்கச் சாக்குக் கட்டு. மழை தூறிக்கொண்டிருந்தது, கண்ணாடிகளெல்லாம் ஏற்றியிருந்தன, உள்பக்கம் மூச்சுப் பட்டு மங்கியிருந்தன. கிட்டே போனால் உள்ளே பெரிய சண்டை.

"நில்லுன்னு சொன்னேனா இல்லையா? நீ நின்னியா?"

"ஒரு கிரேடுன்னு அந்த மனுஷன் சொன்னாரா இல்லையா? நீங்க நின்னீங்களா?"

"நீ குப்பி ஊத்தலைன்னா என் ஆயிலுக்கு ஒண்ணும் ஆகியிருக்காது."

"ஆமா, டிராக்டர் ஆயிலு. வயல் உழவா போனேன் நான்?"

கண்ணாடியைத் தட்டினேன். டிரைவரம்மா துடைத்துப் பார்த்துவிட்டுக் கதவைத் திறந்தார். "ஏறுங்க சார், ஏறுங்க. கதவைச் சாத்திருங்க." அவர் ஸ்டியரிங்கில் உட்கார்ந்திருந்தார். காது நீளச் சீட்டில் தலையணை வைத்துப் படுத்திருந்தார். நான் அவர் கால்மாட்டில் இடம் பிடித்து உட்கார்ந்தேன். இருவர் முகமும் சிவந்திருந்தது, ஆனால் நன்றாக இருந்தார்கள்.

"தினம் இங்கதான் வந்துடுவோம்" என்றார் டிரைவரம்மா. "அந்த வீட்டுக்குள்ள சண்டை போட முடியல சார். கொஞ்சம் குரல் எழும்பினா போதும், அண்ணன் ஓடிவந்து ரெண்டு பேரையும் சமாதானம் பண்ணிடறாரு."

சிரிப்பதா என்று தெரியாமல் நான் கண்ணாடியைப் பார்த்தேன். காது என் முழங்காலைத் தட்டி, "சார் நீங்களே சொல்லுங்க, அன்னிக்கு வண்டியில இருந்தீங்கல்ல. விளக்கு எரிஞ்சுதா இல்லையா?" என்றார். எரிந்தது என்றேன். "கேட்டுக்க" என்றார் மனைவியிடம். அவர் திரும்பி, குப்பி ஊற்றும்போது இதே சார்தான் பக்கத்தில் நின்றார், ஒரு வார்த்தை தடுத்தாரா என்று கேளுங்கள் என்று என்னையும் சண்டையில் சேர்த்துக்கொண்டார்.

அப்போது அவர் போன் அடித்தது. அண்ணி. அடுப்படி ஜன்னல் அங்கிருந்து பார்த்தாலே தெரியும். டிரைவரம்மா போனைப் பார்த்தார், இடது கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு வலது கையால் எடுத்தார்.

"வண்டியில இருக்கேன் அண்ணி, அப்புறம் பேசறேன்."

போனை டேஷ்போர்டில் கவிழ்த்து வைத்தார். பிறகு கண்ணாடியில் வீட்டுக்காரரைப் பார்த்து, "ம், எங்க விட்டீங்க, சொல்லுங்க" என்றார்.